இந்தியாவின் பாலூட்டி மாதிரிகள்: அலமாரியில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் காப்பது

கேள்வி இது: ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பழைய விலங்குத் தோல்கள், மண்டையோடுகள், புட்டிகளில் போட்ட வவ்வால்கள், எலிகள் என்று ஓர் அறை நிறையக் கிடக்கின்றன. கணினி ஆய்வகத்துக்கு இடம் வேண்டும் என்று அகற்றச் சொல்கிறார்கள். இவற்றுக்கு அறிவியல் மதிப்பு உண்டா? நாட்டில் இத்தகைய சேகரங்கள் வேறெங்கே, எந்த நிலையில் இருக்கின்றன? வைத்திருப்பதானால் எப்படிப் பராமரிப்பது?

முதல் பதில் ஒரே வரி: எங்கே, எப்போது பிடிபட்டது என்ற சீட்டு எந்த மாதிரியோடு இருக்கிறதோ, அதை எறியாதீர்கள். சீட்டு இல்லாத புலித் தலையைவிடச் சீட்டுள்ள சுண்டெலி பெரிய சொத்து.

ஏன் என்பதற்கு மேகமலை வவ்வாலே போதும். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் அங்கே ஒரு பழந்தின்னி வவ்வாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஊரெல்லாம் பறக்கும் குறுமூக்குப் பழந்தின்னி என்று அதற்குச் சீட்டு எழுதி இழுப்பறைக்குள் வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அந்த இழுப்பறையைப் பார்த்தபோதுதான், இதற்கு வாலே இல்லை, மேலும் கீழும் ஒரே ஒரு ஜோடி வெட்டுப்பல்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தார். குறுமூக்குப் பழந்தின்னிக்குச் சின்ன வால் உண்டு, வெட்டுப்பற்கள் இரண்டிரண்டு ஜோடி. 1972இல் அது புதிய இனமாக மட்டுமல்ல, புதிய பேரினமாகவே வெளியானது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் தாங்கிய அந்த வவ்வாலை 1993இல்தான் மறுபடி உயிரோடு கண்டார்கள். இடைப்பட்ட காலம் முழுவதும் உலகத்துக்கு அந்த இனத்தின் ஒரே சான்று அந்த ஒற்றைத் தோலும் மண்டையோடும்தான். முதலில் எழுதிய பெயர் தவறு. ஆனால் இடமும் தேதியும் சரியாக இருந்தன. பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். இடத்தையும் தேதியையும் தொலைத்தால் மீட்க வழியே கிடையாது.

இனி, நாட்டின் சேகரங்கள். மூத்தது கல்கத்தாவில். 1814இல் ஆசியக் கழகம் தொடங்கிய அருங்காட்சியகம், அதன் பிள்ளையாக வந்த இந்திய அருங்காட்சியகம், அதன் விலங்கியல் பிரிவிலிருந்து 1916 ஜூலை 1 அன்று பிறந்த இந்திய விலங்கியல் ஆய்வகம் என்று ஒரே சேகரம் கைமாறி வந்திருக்கிறது. எட்வர்ட் பிளைத் 1841 முதல் இருபதாண்டுக் காலம் அதைப் பார்த்துக்கொண்டார். அவருடைய பாலூட்டிப் பட்டியல் 1863இல் அச்சானது. ஆண்டர்சனின் பட்டியல் 1881இலும், அதன் இரண்டாம் பகுதியாக ஸ்கிளேட்டருடையது 1891இலும் வந்தன. பழைய மாதிரி ஒன்றின் வரலாற்றைத் தேடுபவர் இன்றும் இந்த மூன்றையும்தான் முதலில் புரட்ட வேண்டும்.

அடுத்தது பம்பாய். 1883இல் தொடங்கிய இயற்கை வரலாற்றுக் கழகம், 1911 முதல் 1923 வரை சந்தா திரட்டி நடத்திய பாலூட்டிக் கணக்கெடுப்புதான் இன்றுவரை நம் அடித்தளம். காந்தேஷில் தொடங்கி இந்தியா, பர்மா, இலங்கை வரை சம்பளத்துக்கு வைத்த சேகரிப்பாளர்கள் போனார்கள்: கிரம்ப், ஷார்ட்ரிட்ஜ், பிரேட்டர், பாப்டிஸ்டா, இலங்கையில் மேஜர் மேயர். ஒவ்வொரு விலங்கையும் அளந்து, எண்ணிட்டு, தோலும் மண்டையோடும் தனித்தனியாகப் பதப்படுத்தி அனுப்பினார்கள். பெயரிடும் வேலை லண்டனில் நடந்தது. அதனால் பெயருக்குச் சான்றாக நிற்கும் மூல மாதிரிகள் அங்கேயே தங்கின. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மற்றவை வந்தன. இன்றைக்கும் இங்கே ஒரு எலியை ஐயமறப் பெயர் சொல்ல வேண்டுமானால், பல சமயம் லண்டன் மாதிரியோடு ஒப்பிட்டாக வேண்டும். அங்குள்ள பதிவுகள் இணையத்தில் கிடைப்பது பெரிய உதவிதான், ஆனால் பல்லின் மேடுபள்ளத்தைப் பதிவேட்டில் பார்க்க முடியாது.

இவற்றுக்கு வெளியே, விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை, கோழிக்கோடு, புணே, ஷில்லாங், டேராடூன், ஜோத்பூர் போன்ற வட்டார மையங்கள் இருக்கின்றன. 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகம் போன்றவை காட்சிக்கு முதலிடம் கொடுப்பவை. கடைசியில் கல்லூரி அறைகள். இவற்றின் முழுப் பட்டியல் எந்த ஆராய்ச்சியாளர் கைக்கும் எளிதில் எட்டுவதில்லை.

நிலை எப்படி என்றால், சேகரம் பழையது, சீரற்றது, 1923க்குப் பிறகு மெலிந்தது. இந்தியாவில் நானூறுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் உண்டு; அவற்றில் பாதிக்கு மேல் வவ்வாலும் கொறிப்பனவும்தான். ஆனால் கூடத்தில் முன்னால் நிற்பது பாடம் செய்த புலியும் காட்டெருமையும். நம்தாபா பறக்கும் அணில் 1981இல் ஒரே ஒரு மாதிரியை வைத்து விவரிக்கப்பட்டது. அந்த ஒன்று பூச்சிக்கு இரையானால் ஒரு இனத்தின் பெயருக்கே ஆதாரம் போய்விடும். மலபார் புனுகுப்பூனையின் கதி இன்னும் சிக்கல். பிளைத் 1862இல் பெயரிட்ட அதற்கு உலகில் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் தோல்கள். 1987இல் மலப்புறம் மாவட்டத்து எளையூரில் கிடைத்தவையும் அவற்றில் சேர்த்தி. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த இனமா, புனுகு வாணிகத்தில் வெளியூரிலிருந்து வந்ததா என்றே சில ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய தோல்களின் சீட்டில் இடம் தெளிவாக இருந்திருந்தால் இந்த வழக்கு இத்தனை நீண்டிருக்காது.

அழிவு என்றால் எல்லோரும் தீயை நினைப்பார்கள். 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது, 2018இல் ரியோ டி ஜனேரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. வெள்ளமும் உண்டு: போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று 1942இல் கல்கத்தாவிலிருந்து வாரணாசிக்குக் கொண்டுபோன தேசியச் சேகரத்தை அடுத்த ஆண்டு வருணா நதி வெள்ளம் புரட்டிப் போட்டது. இவை செய்தியாகின்றன. ஆனால் தீயையும் வெள்ளத்தையும்விட வற்றிய புட்டியும், நழுவிய சீட்டும், ஓய்வுபெற்றவரின் இடத்தில் ஆள் போடாத நாற்காலியும்தான் அதிகம் அழிக்கின்றன. பூட்டிய அறையில் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். எதையும் துடைக்கவோ அடுக்கவோ தொடங்குமுன் எல்லாவற்றையும் இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். சீட்டின் இரண்டு பக்கமும், புட்டியின் மூடியும், அலமாரித் தட்டின் எண்ணும் படத்தில் வரவேண்டும். அடுக்கும் வேகத்தில் சீட்டு இடம் மாறுவதுதான் முதல் விபத்து. பழைய சீட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கழற்ற வேண்டாம். புதிய சீட்டை அதோடு சேர்த்துக் கட்டுங்கள். பந்துமுனைப் பேனா எழுத்து, புட்டியில் ஊற்றும் சாராயத்தில் (எத்தனால்) கரைந்துவிடும். லேசர் அச்சு எழுத்து சாராயத்தில் ஊறினால் செதில் செதிலாக உரிந்து அடியில் படிந்துவிடும், வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சும். பென்சில், அல்லது கரி கலந்த இந்தியன் இங்க், பருத்தி நாரால் செய்த கெட்டித்தாள்: இவைதான் தாங்கும். புட்டிக்குச் சீட்டு உள்ளேயே கிடக்க வேண்டும். மூடியில் மட்டும் எண் எழுதிவைத்த இடங்களில், ஒரு நாள் பத்து மூடியைத் திறந்து கழுவியபின் எது எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

மண்டையோட்டின் எண்ணை எலும்பின் மேலேயே எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் எழுதுங்கள், ஏனென்றால் தோல் ஒரு பெட்டியிலும் மண்டையோடு வேறொரு பெட்டியிலும் வாழ்கின்றன. எண் ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கும் தாலி. பதிவேட்டை எங்காவது தேடிப்பிடியுங்கள். பெரும்பாலும் அது துறைத்தலைவர் அறையின் பழைய பீரோவிலோ, ஆய்வக உதவியாளரின் மேசையடியிலோ இருக்கும்.

இடப்பெயரை உடனே ‘திருத்தி’ எழுதிவிடாதீர்கள். ‘ஹை வேவீஸ்’ என்றால் மேகமலை, ‘ஷெவராய்ஸ்’ என்றால் சேர்வராயன் மலை, ‘டின்னவெல்லி’ திருநெல்வேலி. ஆனால் ‘மெட்ராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது நகரமா, ஆந்திரம் வரை நீண்ட மாகாணமா என்பது சேகரித்தவரின் பயண நாளைப் பார்த்தால்தான் தெரியும். எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு பத்தியிலும், உங்கள் விளக்கத்தை அடுத்த பத்தியிலும் பதியுங்கள். சேலம் குரும்பப்பட்டியில் கிடைத்த மாதிரியை வைத்து விவரித்த எல்விரா எலி அழியும் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலாகியிருக்கிறது. அதைப் போய்த் தேடுகிறவருக்கு ‘தென்னிந்தியா’ என்ற சீட்டு உதவாது, ‘குரும்பப்பட்டி’ உதவும்.

தோலைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. பழைய தோல்களின் உள்பக்கம் வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக் நஞ்சு) கலந்த சோப்பைப் பூசுவது அந்தக் கால வழக்கம். 1980க்கு முந்தைய எந்தத் தோலிலும் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணோரம், பாதம், வயிற்றுத் தையல் ஆகிய இடங்களில் வெண்பொடி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம். உலர்ந்த தூரிகையால் தட்டக்கூடாது, மின்விசிறியை அணைத்துவிட வேண்டும், வேலை முடிந்தபின் மேசையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியே கட்டிவைக்க வேண்டும். மாணவர்களை வரவழைத்து ‘சிரமதானம்’ செய்வதற்கு ஏற்ற அறையல்ல இது.

பாஷாணம் பூசியும் பூச்சி வரும், ஏனென்றால் அது தோலின் உள்பக்கத்தைத்தான் காக்கிறது. மயிரும் நகமும் வெளியே இருக்கின்றன. தோல்வண்டின் புழு காது, மூக்கு, பாதத்தில் தொடங்கும். தட்டில் மரத்தூள் போன்ற பொடியும், புழு உரித்த பழுப்புச் சட்டைகளும், உதிர்ந்த மீசைமயிரும் கிடந்தால் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பாச்சை உருண்டையை அள்ளிக் கொட்டுவது பழைய வைத்தியம். மூடிய பெட்டியில் அது புழுவை விரட்டுவதைவிட அறையில் வேலை செய்பவரைத்தான் அதிகம் விரட்டுகிறது. உறைய வைப்பதே நல்ல வழி. தோலைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போன்ற பெட்டி உறைகலனில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். எடுத்தபின் பையை உடனே திறக்கக்கூடாது. ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த தோலின்மேல் ஈரம் வேர்த்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சணம் வரும்.

நம் ஊர்களில் பூஞ்சணம்தான் நிரந்தர எதிரி. ஈரப்பதம் 50 சதவீத அளவில் நின்றால் தோலுக்கு நல்லது. மழைக்காலக் கல்கத்தாவிலும் சென்னையிலும் அது 80ஐத் தாண்டிப் போகிறது. காலை பத்து மணிக்குக் குளிர்சாதனத்தைப் போட்டு மாலை ஐந்துக்கு அணைக்கும் அலுவலகப் பழக்கம், அது இல்லாததைவிட மோசம். குளிர்ந்த அலமாரிமேல் இரவின் ஈரக்காற்று படிந்து தினமும் ஒருமுறை நனைகிறது. இருபத்திநான்கு மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால் அதை மறந்துவிட்டு, கதவோரம் ரப்பர் பட்டை ஒட்டிய இரும்பு பீரோவும் உள்ளே சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், வாரணாசியை நினைத்துக்கொள்ளலாம். படிகாரம் போட்டுப் பதனிட்ட தோல் அமிலமேறி மொரமொரவென்று ஆகியிருக்கும், காதைப் பிடித்துத் தூக்கினால் காது கையோடு வரும். அட்டையில் ஏந்தித்தான் எடுக்க வேண்டும்.

புட்டிகள்தான் நேரம் கேட்பவை. ஒவ்வொன்றிலும் இருப்பது ஃபார்மலினா, சாராயமா என்று முதலில் தெரிய வேண்டும். முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 10 மில்லி எடுத்து மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் 70 சதவீதச் சாராயம் ஏறக்குறைய 8.8 கிராம் இருக்கும், 50 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 9.2 கிராம் அளவில் நிற்கும். 10 கிராமும் அதற்குச் சற்று மேலும் என்றால் ஃபார்மலின், அல்லது சாராயம் பறந்து வெறும் தண்ணீராகிவிட்டது.

இங்கேதான் எல்லாரும் செய்யும் தவறு. மட்டம் குறைந்தால் 70 சதவீதச் சாராயம் ஊற்றி நிரப்புகிறார்கள். மூடி சரியில்லாத புட்டியிலிருந்து சாராயம்தான் தண்ணீரைவிட வேகமாகப் பறக்கிறது, எஞ்சுவது நீர்த்தது. ஒரு லிட்டர் புட்டியில் 800 மில்லி, 64 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 512 மில்லி சாராயம் இருக்கிறது. 70 சதவீதமாக்க 700 வேண்டும், குறை 188. ஊற்ற இடமோ 200 மில்லிதான். ஆக ஊற்ற வேண்டியது 94 சதவீதம், அதாவது ஏறக்குறைய ரெக்டிஃபைட் ஸ்பிரிட் அப்படியே. அதே புட்டி 700 மில்லிக்கு, 55 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் தூய சாராயமே ஊற்றினாலும் 70ஐ எட்டாது; முழுவதையும் மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் 70 ஊற்றி ‘நிரப்பிய’ புட்டிகள் வெளியே நிறைவாகத் தெரியும், உள்ளே வவ்வால் கூழாகிக்கொண்டிருக்கும்.

ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டுக்கு மாநில ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். அது நிதியாண்டு முடியும் மாதத்தில் நினைத்தால் கிடைக்காது. அனுமதி தாமதமான இடத்தில் கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றிவிடுகிறார்கள். கலப்படத்தைப் பொறுத்து அது தண்ணீரோடு சேர்ந்ததும் பால்போல் கலங்கும், மாதிரி நிறம் மாறும். மூடிக்குத் தேய்த்த கண்ணாடி விளிம்பில் வாசலின், அல்லது பாலிப்ரொப்பிலீன் திருகுமூடி. உலோக மூடி துருப்பிடித்து விழும். 70 சதவீதச் சாராயம் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி விடுவது. மின்பலகை இருக்கும் அறையில் நூறு புட்டி வைக்காதீர்கள்.

ஃபார்மலினில் கிடப்பவற்றுக்கு இன்னொரு சங்கடம். கடையில் வாங்கும் ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்பது சரியான கலவைதான், ஆனால் நாளாக அது அமிலமாகி எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். வவ்வாலின் விரலெலும்பு நூல்போல் வளைந்தால் அதுவே காரணம். லிட்டருக்கு 4 கிராம் மோனோசோடியம் பாஸ்பேட்டும் 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் பாஸ்பேட்டும் சேர்த்தால் அமிலம் கட்டுப்படும். நல்லது என்னவென்றால், கழுவி, 30, 50 என்று படிப்படியாக ஏற்றி 70 சதவீதச் சாராயத்துக்கு மாற்றிவிடுவது. ஃபார்மலினில் கிடந்ததிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. புதிதாகச் சேர்க்கும் எந்த விலங்கிலும் ஃபார்மலின் படுமுன் ஈரலில் ஒரு பட்டாணி அளவு வெட்டி 95 சதவீதச் சாராயத்தில் தனியே வையுங்கள், அதே எண்ணோடு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மாதிரி எடுப்பதே தேவையா, படமும் இரத்தத் துளியும் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அருணாசலக் குரங்கு 2005இல் விவரிக்கப்பட்டபோது விலங்கைக் கொல்லவில்லை, படங்களில் உள்ள ஒரு ஆணையே சான்றாகக் குறித்தார்கள். பெரிய, எளிதில் அடையாளம் தெரியும், எண்ணிக்கை குறைந்த விலங்குக்கு அது பொருத்தமே. வவ்வாலுக்கும் மூஞ்சூறுக்கும் பொருந்தாது, பல்லைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது. 2018இல் கோழிக்கோட்டில் வவ்வால் வழியாகப் பரவும் நிபா வைரஸ் வந்தபோது வவ்வாலின் இனம் எதுவென்பது மருத்துவக் கேள்வியாகவே ஆனது. மாதிரி வைக்காமல் மரபணு வரிசையை மட்டும் வெளியிட்டால், பெயர் தவறென்று பின்னால் தெரியவந்தாலும் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது.

சட்டம். சிறுத்தை, அழுங்கு, தேவாங்கு முதலியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் தோலும் எலும்பும்கூட அதில் அடக்கம். வைத்திருப்பதை அறிவிக்கும் 40ஆம் பிரிவிலிருந்து பொது அருங்காட்சியகத்துக்கு விலக்கு உண்டு, கல்லூரி அறை அதில் தானாகச் சேர்ந்துவிடாது. எனவே குப்பையில் போடுவதும், எரிப்பதும், வேனில் ஏற்றி வேறு கல்லூரிக்கு அனுப்புவதும் மூன்றுமே வம்பு. பட்டியலோடு தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு முதலில் எழுதுங்கள். முன்பு பழந்தின்னி வவ்வாலும் எலியும் ‘தீங்குயிர்’ அட்டவணையில் கிடந்தன. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆகவே வகுப்புக்கு நாலு வவ்வால் பிடித்துவரும் பழைய பழக்கத்துக்கும் இடமில்லை; புதிதாகச் சேகரிக்க 12ஆம் பிரிவின்கீழ் அனுமதி வேண்டும்.

கல்லூரியால் பராமரிக்க முடியாதென்றால் விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தையோ பம்பாய்க் கழகத்தையோ கேளுங்கள். உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி விலங்கியல் ஆய்வகம் அறிவிக்கப்பட்ட களஞ்சியம். அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. மூன்று அடுக்காகப் பிரித்துவையுங்கள்: இடமும் தேதியும் உள்ளவை, எண் மட்டும் இருந்து பதிவேட்டில் தேடவேண்டியவை, எதுவுமே இல்லாதவை. மூன்றாவதைப் பாடம் நடத்த வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் உழைப்பு கேட்பது. பதிவேடு கிடைக்கும்வரை அதில் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். முதலாவதன் பட்டியலில் இனப்பெயர், இடம், நாள், சேகரித்தவர், பால், உடல் நீளம், வால், பின்னங்கால், காது, வவ்வாலானால் முன்கை நீளம் என்று மில்லிமீட்டரில் எழுதி, படங்களோடு அனுப்பினால் பதில் வரும். ‘பழைய எலிகள், சுமார் 40’ என்று எழுதினால் வராது.